நான்கு மணிக்குப் போகவேண்டிய பார்வை

அப்பா வழியில் வந்த கண்நோய் பூங்கோதையின் பார்வையை எப்போது பறிக்கும் என்று விழித்திரை மரபணு அறிக்கை நேரத்தோடு சொல்லியிருந்தது: வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. அவள் கடைசியாகத் தங்கள் முகத்தைப் பார்த்துவிடட்டும் என்று சொந்தபந்தமெல்லாம் புதுத்துணி உடுத்தி, ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக மதுரை வீட்டில் வந்து இறங்கியது.

நான்கரை ஆகியும் அவளுக்குக் கண் தெரிந்தது.

"இன்னுமா தெரியுது?" என்றார் சித்தப்பா. "எனக்கு ஆறு மணிக்கு பஸ்ஸும்மா."

கணவன் தனபால் ஆய்வகத்துக்குப் போன் போட்டான். "மரபணு தப்பா சொல்லாது சார். அவங்களுக்குத் தெரியுறதுதான் தப்பு" என்றார்கள்.

இலை போடலாமா என்று சமையல்காரர் மூன்றாம் முறை எட்டிப் பார்த்தார். பூங்கோதைக்கே கூச்சமாகிவிட்டது. "இருட்டிருச்சு, ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவைத்தாள். எல்லோரும் ஐந்து நிமிடம் நன்றாக அழுதுவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள்.

மூத்த நாத்தனார் கற்பகவல்லி மட்டும் நகரவில்லை. பூங்கோதையின் எதிரிலேயே பீரோவைத் திறந்து, அவளுடைய பட்டுப்புடவைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தாள்.

பூங்கோதை பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அந்தப் பச்சை உங்களுக்கு எடுப்பாவே இல்ல, அண்ணி."