முப்பத்தேழு வீதம்

தேயிலைத் தோட்டத்து ஆபீஸின் பழைய கம்ப்யூட்டருக்குப் பதுளையிலிருந்து அப்டேட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து, விடிந்ததுமே ஏற்ற ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார் பெரிய கிளாக்கர் கிருஷ்ணராஜ். பத்து மணியாகியும் திரையில், ‘37% முடிந்தது. அணைக்க வேண்டாம்’ என்றே இருந்தது.

சின்னக் கிளாக்கர் நிரஞ்சலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினொரு மணிக்கு அம்மன் தேர். தேருக்கு முன்னால் அவள் மகள் முதன்முதலாகக் கும்மியடிக்கப் போகிறாள். ஆனால் கொழும்பு மேலிடம் லீவு தர மறுத்துவிட்டது. கொழுந்து விபரத்தை அனுப்பாமல் எழுந்திருக்க முடியாது.

“இன்னும் எவ்வளவு நேரமாகும் சேர்?”

“அரதப் பழசு விண்டோஸும்மா. அவசரப்படுத்தினா முரண்டு பிடிக்கும். அந்தி வரைக்கும் இழுக்கும். கொழும்புக்குச் சொல்லிட்டேன், நீ தேருக்குப் போ.”

சந்தோஷத்தில் மேசையைத் துடைத்தாள். துணி கீபோர்டில் பட்டதும் 37% மாயமாக மறைந்தது. நிரஞ்சலா பதறிப்போனாள். ஆனால், அடியில் கொழுந்து விபரப் பட்டியல் சமர்த்தாகத் திறந்திருந்தது.

“சேர், இது வெறும் படம்.”

கிருஷ்ணராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்டேட் நேத்தே முடிஞ்சிருச்சு. தேருன்னா லீவு தரமாட்டாங்க. அப்டேட்டுன்னா வாயைத் திறக்க மாட்டாங்க. நானும் தேர்வடம் பிடிக்கணும்ல.”

டெலிபோன் மணி அடித்தது. கொழும்பிலிருந்து. அவர் கை நீட்டுமுன் நிரஞ்சலாவே எடுத்தாள்.

“இன்னும் முப்பத்தேழு வீதத்துலதாங்க சேர் நிக்குது. தொட்டா கெட்டுப்போயிருமாம்” என்றவள், மறுகையால் படத்தைத் திரும்பத் திரையில் போட்டாள்.