ஈயடிச்சான்

"இந்தக் கார்டு என்ன செய்யும் தம்பி? எழுத்து பொடிசா இருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

எதிரே இருந்த பெண்மணி இப்படிக் கேட்டதும் சுற்றி நின்ற கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது. ஷிம்பெய்க்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாவிடம் எப்படித் தோற்பது?

ஒசாகாவில் ஒரு கார்டுக் கடையின் மூன்றாவது மாடி, ஞாயிற்றுக்கிழமைப் போட்டியின் இறுதி ஆட்டம். அவரவர் பொறுக்கிச் சேர்த்த அறுபது கார்டுக் கட்டை வைத்து இருவர் மோதும் விளையாட்டு. அந்தப் பெண்மணி கமேய், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்தக் கடைக்கு இன்றுதான் முதல் தடவை வருகிறார். எப்படித்தான் நான்கு பேரை ஜெயித்து வந்தாரோ, அவருக்கே வெளிச்சம்.

ஷிம்பெய் தோற்றே ஆக வேண்டும். இந்தக் கடையில் ஜெயித்தவருடைய அறுபது கார்டையும் மேசையில் பரப்பி, படமெடுத்து, அப்போதே இணையத்தில் போட்டுவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் நாடு முழுக்க ஆயிரம் பேர் அதே கட்டை அடுக்கிவிடுவார்கள். அடுத்த ஞாயிறு நகோயாவில் பெரிய போட்டி. அதில் ஜெயித்தால்தான் ஜப்பான் அணியில் இடம்.

ஆறு வருஷமாக அவனும் அந்த ஆயிரத்தில் ஒருவன்தான். எவனோ ஜெயித்த கட்டை அப்படியே அடுக்குவான், மூன்றாவது சுற்றில் தோற்று வெளியே வருவான். கடையில் அவன் பெயரே 'ஈயடிச்சான்'. இந்த வருஷம்தான் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, யாரும் சீண்டாத மூன்று பழைய கார்டுகளை வைத்துச் சொந்தமாக ஒரு கட்டு கட்டியிருந்தான். நகோயா வரை அது யார் கண்ணிலும் படக் கூடாது.

சும்மா ஒத்திகை பார்க்கத்தான் வந்தான். அரையிறுதியிலேயே தோற்றுத் தொலைத்திருக்கலாம். ஜெயிக்கிற ருசி விடவில்லை, மடையன். இனி விட்டுக்கொடுத்து எழுந்து போகவும் வழியில்லை. முன்பு ஒருமுறை இரண்டு பேர் பேசி வைத்துப் பரிசைப் பங்கு போட்டதிலிருந்து இறுதி ஆட்டத்தில் அதற்குத் தடை.

அந்த மூன்றையும் கையிலேயே பொத்தி வைத்துக்கொண்டு, எல்லாருடைய கட்டிலும் இருக்கிற சில்லறைக் கார்டுகளை இறக்கினான். கமேயும் கை நிறையக் கார்டை வைத்துக்கொண்டு எதை இறக்குவதென்று விழித்தார். கடைசியில் ஒன்றை இறக்கினார். அது அவருடைய புள்ளியிலேயே நான்கைக் குறைத்தது.

"ஐயோ பாவம்" என்றார் யாரோ.

பின்னால் நின்ற கோத்தா, ஷிம்பெயின் பழைய ஆட்டக் கூட்டாளி, குனிந்து அவன் காதைக் கடித்தான். "டேய் ஈயடிச்சான், இன்னிக்கு யாரு கட்டுடா இது? அதிர்ஷ்டம் பிச்சுக்கிட்டுப் போகுது உனக்கு."

"இன்னும் ஆறு நிமிஷம்" என்றார் கடைக்காரர் ஹமாசாகி. கையில் கேமராவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தார். "நேரம் முடிஞ்சா, புள்ளி அதிகம் இருக்கிறவங்க ஜெயிச்சாங்க."

ஷிம்பெய்க்குப் பதினாறு, கமேய்க்குப் பதினொன்று. அவன் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அந்த அம்மா அதைவிட மோசமாக ஆடினார். என்னதான் செய்வான்?

மிச்சமிருந்தது ஒரே வழி. தன் முறை வரும்போது எடுக்கக் கார்டு இல்லாதவன் தோற்றான் என்பது விதி. கூடுதலாகக் கார்டு எடுக்க வைக்கிற கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி, தன் கட்டைத் தானே காலி செய்ய ஆரம்பித்தான்.

"தம்பி, கட்டு தீந்துடுமே" என்றார் கமேய்.

"பரவாயில்லக்கா."

"வேண்டாம் தம்பி. நிதானமா ஆடுங்க. நான் சொல்றதக் கேளுங்க." அவர் குரல் நடுங்கியது. இவ்வளவு நல்ல மனசுக்காரியிடம் நாடகம் ஆடுகிறோமே என்று ஷிம்பெய்க்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கடைசிக் கார்டையும் எடுத்துவிட்டான்.

அடுத்த முறை வந்தபோது எடுக்க எதுவும் இல்லை. ஷிம்பெய் தோற்றான்.

"ஜெயிச்ச ஆட்டத்த இப்படிக் கோட்ட விட்டுட்டியேடா" என்று கோத்தா தலையில் அடித்துக்கொண்டான். ஷிம்பெய் தன் கார்டுகளைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். ஆறு வருஷத்தில் தோற்றதற்காக அவன் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஹமாசாகி கமேயின் கார்டுகளை வாங்கி, மேசையில் வரிசை வரிசையாகப் பரப்பினார். கூட்டம் எட்டிப் பார்த்தது. ஷிம்பெயும் பார்த்தான்.

அவனுடைய மூன்று பழைய கார்டுகளும் முதல் வரிசையிலேயே இருந்தன. இரண்டாவது வரிசையும் அவனுடையதுதான், மூன்றாவதும். அறுபதில் இரண்டே இரண்டுதான் வேறு. அவன் வாயைத் திறப்பதற்குள் ஹமாசாகி படத்தை எடுத்து, கடையின் பக்கத்தில் போட்டும்விட்டார்.

"அடேங்கப்பா, என்ன கட்டுடா இது" என்றான் கோத்தா. "நகோயாவுக்கு நான் இதத்தான் எடுத்துட்டுப் போகப் போறேன். உனக்கும் ஒண்ணு அடுக்கித் தரட்டுமா, ஈயடிச்சான்?"

மூடிய பெட்டியை ஷிம்பெய் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இப்போது திறந்து காட்டினால் யார் நம்புவார்கள்?

"இத எங்கேருந்துக்கா எடுத்தீங்க?" என்று கமேயிடம் கேட்டான்.

"எங்கேருந்தும் எடுக்கல. நகோயாவுக்குன்னு ஒரு வருஷமா நானே ஒக்காந்து கட்டினது." ஜெயித்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பரப்பிக் கிடந்த கார்டுகளையே பார்த்துக்கொண்டு அவர் மெல்லச் சொன்னார்:

"நானும் தோக்கத்தான் பாத்தேன், தம்பி."