புதுப் பெட்டியில் கோளாறு

கச்சேரிக்கு முதல் நாள் என் சுருதிப்பெட்டியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி போயிற்று, என் எடை அப்படியே இருக்கிறது.

மகன் புதுசு வாங்கி வந்தான். வழக்கம்போல சுருதியை இரண்டு கட்டையில் வைத்துப் பாடினேன். மேலே போனதும் குரல் கிழிந்தது.

"இந்தப் பெட்டியில ஏதோ வில்லங்கம் இருக்குடா."

"பெட்டி சரியாத்தான்பா இருக்கு." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆம்பியன்ட் இசை என்று கம்ப்யூட்டரில் ஒரே ஒலியை மணிக்கணக்காக ஓடவிடுபவன் அவன். "ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம்" என்று நான் கேலி செய்ததற்குப் பழிவாங்குகிறானோ? சமையலறையில் தன் அம்மாவோடு கிசுகிசு வேறு.

"என்னடா செஞ்ச? நாளைக்கு மேடையில என் மானம் போகணுமா?"

"புதுசுல ஒண்ணும் செய்யலப்பா. பழசுலதான்..."

"பழசுலயா?"

"சொல்லித் தொலைடா," என்றாள் மனைவி.

"உங்களுக்கு மேல் சுரம் எட்டலப்பா. அதான் பழைய பெட்டியைத் திறந்து மாசாமாசம் ஒரு நூல் சுருதியை இறக்கினேன். கட்டையைக் காட்டுற முள் மட்டும் இரண்டுலயே நிற்கும். மாறுறதே தெரியாம மாத்தணும், எங்க இசையில அதுதான் வித்தை. நாளைக்கு ஒன்றரைக் கட்டையில வைங்க. ஊரே பாராட்டுற உங்க குரல் ஒரு வருஷமா இறங்கி இப்ப அங்கதான் இருக்கு."