அக்கரையில் மகள் நினைக்கிறாள்

ஆற்றோரம் ஒரு கிழட்டுக் குரங்கு இருந்தது. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் போதும், புரையேறிவிடும். கண் பிதுங்க இருமி முடித்து, "அக்கரையில் கட்டிக்கொடுத்த என் மகள் நினைக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

பக்கத்தில் இருந்த தவளைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீங்க தண்ணி குடிக்கிற நேரம் பார்த்தா அவ நினைக்கிறா? உங்க நாக்குலயும் தொண்டையிலயும் வலுவில்லை. இருமி இருமிப் பாதியா இளைச்சுட்டீங்க."

"இருமல் நின்னுபோச்சுன்னா, அவ நினைக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

"செத்துப்போனா மட்டும் தெரியுமா?"

மறுநாளே குரங்கு வேப்பங்குச்சியால் பல் விளக்கி, வாயை நன்றாகக் கொப்பளித்தது. தவளை சொன்னபடி நாக்கை நீட்டி மடக்கியது, கன்னங்களை உப்பியது, "ஆ, ஈ, ஊ" என்று கத்தியது. கிழத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று காக்கைகள் சிரித்தன. குரங்கு ஒருநாளும் விடவில்லை.

கோடையில் ஆறு முழங்காலளவுக்கு இறங்கியதும் மகள் ஓடிவந்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். "அப்பா, உங்களை நினைக்காத நாளே இல்லப்பா!"

தவளை மூச்சைப் பிடித்துக்கொண்டது. காக்கைகள்கூடக் கத்தவில்லை.

மடக், மடக், மடக். ஒரு சொட்டுகூட வழி மாறவில்லை.

குரங்கு வாயைத் துடைத்துக்கொண்டு, காக்கைகளைப் பார்த்து நாக்கை மோவாய்வரை நீட்டிக் காட்டியது. பிறகு மகள் பக்கம் திரும்பியது.

"இனிமே நினைச்சா, இப்படி நேர்ல வந்து சொல்லும்மா."