பேர் இல்லாத பட்டன்

“வணக்கங்க. மணிமொழி வூடு இதானுங்களா?”

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தார். “இதான் தம்பி. எம் பொண்ணுதான். இன்னா வண்டிக்குப் பேசணும்? தக்காளியா, பழைய இரும்பா?”

பகலவன் தோளிலிருந்த பையைச் சரிசெய்தான். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதிலிருந்து வடக்கனந்தல் வரைக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். ‘நான்தாங்க பகலவன். என்னை மன்னிச்சிடுங்க.’ பஸ்ஸில் சரளமாக வந்தது. வாசலில் நின்றதும் வேறொன்றைச் சொன்னான்.

“வண்டிக்கு இல்லீங்கம்மா. ஒலிப்பெட்டி சாப்ட்வேர் சரியில்லன்னு உங்க பொண்ணு எழுதியிருந்தாங்க. சரி பண்ணிக் குடுக்கலாம்னு வந்தேன்.”

“உங்க பேருங்க?” உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“சு... சுபாஷுங்க.”

பொய் எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. உள்ளே விசைப்பலகை தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“வாங்க, சுபாஷ் சார்,” என்றாள் மணிமொழி.

ஒலிப்பெட்டி என்பது லினக்ஸ் கணினிகளில் ஓடும் ஒலிப்பதிவு மென்பொருள். பகலவன் எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பத்து வருட உழைப்பு. கூடவே தலைக்கனமும் வளர்ந்திருந்தது. போன மாதம் வந்த புதிய பதிப்பில் எழுத்துகளையெல்லாம் எடுத்துவிட்டு, பட்டன்களுக்கு அழகழகாகப் படம் வைத்தான். மறுநாளே பயனர் குழுவில் மணிமொழி எழுதினாள்: ‘எந்தப் பட்டனுக்கும் பேர் இல்லை. எது ரெக்கார்டு பட்டன் என்று தெரியவில்லை.’

அதற்கு அவன் போட்ட பதில்: ‘இவ்ளோ பெரிசா சிவப்பு வட்டம் இருக்குதே, கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?’

குழுவே சிரித்தது. மூன்று நாள் கழித்துத்தான் வேறொருவர் எழுதினார், அந்த வடக்கனந்தல் பெண்ணுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது என்று. பகலவன் தன் பதிலை அழித்தான். மன்னிப்புக் கேட்டு நாலு முறை எழுதி, நாலு முறையும் அனுப்பாமல் விட்டான். அன்றிலிருந்து ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை.

“நீங்களே கேளுங்க சார்,” என்று கணினி முன்னால் உட்கார்ந்து மணிமொழி ஒரு விசையைத் தட்டினாள்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கணினிக் குரல், ‘பட்டன்’ என்றது. மறுபடி தட்டினாள். ‘பட்டன்.’ இன்னொரு தட்டு. ‘பட்டன்.’

“முன்னல்லாம் ‘ரெக்கார்டு’, ‘ஸ்டாப்’னு சொல்லும். இப்ப எல்லாமே வெறும் பட்டன். இங்கேருந்து வெள்ளிமலை வரைக்கும் போற லோடு ஆட்டோல ஸ்பீக்கர் கூவுதே, அது என் குரலுதான் சார். பொங்கலுக்குக் கரும்பு வண்டி, மஞ்சக்கொத்து வண்டியெல்லாம் காத்துக்கினு இருக்குது. ஒரு மாசமா ஒரு வரி பதிய முடியல. இப்படியே போனா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க.”

“இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கினீங்க?”

“பகலவன் சாரு நெட்டுல பதினெட்டுப் பாடம் போட்டிருக்காரே, அதைக் கேட்டுத்தான். எல்லாம் மனப்பாடம்.”

“அவன் பேச்சை எடுக்காதடி,” என்று குஞ்சம்மாள் வாசற்படியிலிருந்து சீறினார். “எம் பொண்ணைப் பார்த்து கண்ணு பொடனியிலயான்னு கேட்டுட்டான் தம்பி. படிச்சவனாம். எங்கையில மட்டும் கெடைச்சான்னா தெரியும்.”

“விடும்மா.” மணிமொழி அவன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். “அவரைப் பார்த்தா நான் சொன்னேன்னு ஒண்ணு சொல்றீங்களா சார்?”

“சொல்றேங்க.”

“அவரு கேட்டது கூட பரவால்ல. தெரியாம கேட்டுட்டாரு. அதுக்குக் கீழ நாப்பது பேரு சிரிப்பு பொம்மை போட்டாங்க. இந்தக் குரலு அத்தனையும் படிச்சுக் காட்டுச்சு. ‘சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம்’னு. நிறுத்தியிருக்கலாம். என்னமோ, கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தேன்.”

பகலவனுக்கு முகம் எரிந்தது. நல்லவேளை, இவள் பார்க்க முடியாது என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்னும் கூசிப்போனான். இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் பிடித்துத் தள்ளியது. அதற்குள் குஞ்சம்மாள் டீ டம்ளரை நீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார். வாயை மூடிக்கொண்டான்.

நிரலைத் திறந்து, தலை நிமிராமல் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதினான். ஒரு பட்டனுக்கு ஒரே ஒரு வரி. மொத்தம் அரை மணி நேர வேலை. இதற்குச் சோம்பல்பட்டுத்தான் ஒருத்தியை ஒரு மாதம் ஊமையாக்கி வைத்திருந்தான்.

மணிமொழி விசையைத் தட்டினாள். ‘ரெக்கார்டு’ என்றது குரல். ‘ஸ்டாப்.’ ‘பிளே.’ ‘கட்.’

அவள் மைக்கை இழுத்து, “கரும்பு, கரும்பு, பொங்கல் கரும்பு, வூட்டு வாசல்ல வந்துக்கினு இருக்குதுங்க...” என்று மனப்பாடம் போல ஒரே மூச்சில் பதிந்து, போட்டுக் கேட்டாள். குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நல்லா இருப்ப தம்பி. நீயும் மனுசன், அவனும் மனுசன்.”

அதற்குமேல் அங்கே நிற்க அவனால் முடியவில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “அப்ப நான் வரேங்க.”

மணிமொழி சுவரைத் தொட்டபடி வாசல் வரைக்கும் வந்தாள். அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் சத்தம் கேட்கட்டும் என்று காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்.

“எல்லாப் பட்டனுக்கும் சரியான பேரா வச்சிட்டீங்க. உங்களுக்குத்தான் தப்பா வச்சிக்கினீங்க. வாசல்ல வந்து ‘வணக்கங்க’ன்னீங்களே, பதினெட்டுப் பாடமும் அப்படித்தானே ஆரம்பிப்பீங்க, பகலவன் சார்?”