ஃபிட்டர் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது

நெசவு மில்லில் தறிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்புவதை, தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் பார்த்தாள்.

இப்போது விட்டால் வேறு நேரம் கிடையாது. நாளைக்கு அவர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். வேலைக்கு வரவே கூடாது என்று டாக்டர் சொல்லியும், புது ஆளிடம் தறிகளை ஒப்படைக்காமல் படுக்கமாட்டேன் என்று மில்லுக்கு வந்து நின்றவர்.

பேச்சு முழுக்கக் கேலி. கோயில், சர்ச், மசூதி என்று ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. "சாமி இருந்தா இந்தத் தறிக்கு எதுக்கு ஃபிட்டர்?" என்பார்.

அதே மனுஷன்தான், அவள் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய புதிதில், பால் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் தவித்தவளைக் கண்டு, மேஸ்திரியிடம் சண்டை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவளுடைய தறிகளையும் அன்றைக்கு அவரே பார்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவரிடம் இயேசுவைப் பற்றி அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. அவளிடம் வாய் கொடுக்க மேஸ்திரியே யோசிப்பான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாக்கு எழாது. தன்னைக் கேலி செய்தால் துடைத்துப் போட்டுவிடுவாள். ஆண்டவரைக் கேலி செய்துவிட்டால்?

"நல்ல சேதி கையில இருந்தும் சொல்லாம இருந்தா, அது என்ன அன்பு?" என்று போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் பொதுவாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பேச நாக்கு எழாததால், பல நாளாகவே தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்துவந்தாள். தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், தறி ஓரம் நின்று கண்ணை மூடி அவருக்காக ஜெபம். இடி விழுந்தாலும் கேட்காத தறி இரைச்சல் அது. வாய்விட்டே ஜெபிக்கலாம். கடவுளைத் தவிர யாருக்குக் கேட்கப்போகிறது?

ஃபிட்டர் வாசலை நெருங்கிவிட்டார்.

அவள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, வெளியே கூப்பிடும் பழக்கத்தில் கையைத் தட்டினாள்; இரைச்சலில் கேட்காது என்று உறைத்ததும் கையை உயர்த்தி ஆட்டினாள். அவர் திரும்பி வந்தார். குனிந்து பாவு நூலைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அதோடு நின்றுபோனது. கண் மட்டும் நிறைந்துகொண்டு வந்தது.

"இயேசுவைப் பத்தியா?" என்றார் ஃபிட்டர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அவரு எனக்காகவும்தான் செத்தாரு. எனக்குத்தான் அது புரியல. புரிஞ்சா இந்தக் கேலியெல்லாம் விட்டுடுவேன், பீடியையும் விட்டுடுவேன். அதானே? தினமும்தான் சொல்றியே, தங்கச்சி."

அந்த மில்லில் யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்செல்லாம். இப்போது இவர்கள் பேசுவதும் அப்படித்தான். நாலு தறி தள்ளி நிற்பவளின் மாமியார் சண்டையை அவளே உதட்டில் பார்த்து ரசித்திருக்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். கண்ணை மூடி ஜெபித்த அவள் கதையும் அதுதான்.

"நான் மட்டும் இல்ல, இந்த வரிசைக்கே தெரியும். 'அந்தக் கல்லு மனசுக்காரனை இளக்கும் ஆண்டவரே'ன்னு சொல்லுவ பாரு, அப்ப மட்டும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க."

மானம் கப்பலேறியது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடியவளுக்குள்ளிருந்து சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின.

சொல்லவில்லையே, சொல்லவில்லையே என்று இத்தனை காலம் சுமந்தாளே! சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் தவறாமல், அவர் கண்ணெதிரிலேயே சொல்லியிருக்கிறாள். அப்பாடா என்று தறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோவம் வரலையாண்ணே?"

"முதல்ல வந்துச்சு. அப்புறம் அந்த நேரத்துக்கு இந்தப் பக்கமா ஒரு வேலையை வச்சுக்குவேன். ஆனா நம்பிக்கையெல்லாம் வரல. உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

"ஆபரேஷன் அன்னிக்கு ஜெபத்துல என்னைப் பத்திச் சொல்லாத. நான் மயக்கத்துல கிடப்பேன், எனக்கென்ன? என் வீட்டுக்காரிதான் வெளியே தனியா உட்கார்ந்திருப்பா. அவளைப் பத்திச் சொல்லு. உங்க ஆளுக்கு அவளைத் தெரியாதுல்ல."

"தெரியும்ணே. நல்லாவே தெரியும்."

யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கேலிக்காகக் காத்திருந்தாள்.

கேலி வரவில்லை.

"அப்ப பேரு வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார் ஃபிட்டர்.

"எனக்கு வேணுமேண்ணே."

அவர் மனைவியின் பெயரைச் சொன்னார். அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். சரி என்றார்.

ஆனால் அவர் கிளம்பவில்லை. தறியில் கை வைத்தபடி அங்கேயே நின்றார். அவளுக்குப் புரிந்தது.

இந்த முறை கண்ணை மூடாமல், அவருக்கு நன்றாகத் தெரியும்படி, அந்தப் பெயரிலிருந்தே ஜெபத்தை ஆரம்பித்தாள்.