கழுத்துக்கு மேலே

ரோமாபுரியில், அந்தப் பணக்கார வீட்டு முற்றத்தில் நின்ற வீனஸ் சிலையை, அடிமைச் சிற்பி டையோன் தன் மனைவி மிர்ட்டாவைப் பார்த்துத்தான் செதுக்கியிருந்தான். சிலை முடிந்ததுமே எஜமானி வீபியா மிர்ட்டாவை உப்பளத்துக்கு விற்றுவிட்டாள்.

"சிலையோட உடம்பு அம்சமா இருக்கு, இருக்கட்டும். அவ தலையை எடுத்துட்டு என் தலையை வை. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?"

"பண்றாங்கம்மா," என்றான் டையோன்.

"எடுத்த தலையைச் சூளையில போடு. சுண்ணாம்பாவது மிஞ்சும்."

மனைவியின் பளிங்குத் தலையை அவனே அறுத்தான். அவனே சூளைக்குத் தூக்கிப் போனான். திரும்பி வந்து, நிதானமாக உளியைத் தீட்டினான்.

வீபியா முக்காலியில் அமர்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள். "ம், சீக்கிரம் அளவெடு."

"கழுத்தைக் கொஞ்சம் நீட்டுங்கம்மா," என்றான் டையோன். "எந்த இடத்துல வெட்டணும்னு பாக்கணும்."